மைக்கண்ணன் சேர்த்துச் சொல்வது

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால், சொந்தக்காரர்களுக்கு முன்பே மைக்கண்ணனுக்குத் தெரிந்துவிடும். ஆட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு, இலங்கை மலையில் டிக்கோயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ச் செய்தி சொல்வது அவர் தொழில். சாவு மட்டும் என்றில்லை. மின்சாரம் நிற்கும் நேரம், கோயில் கூட்டம், மருத்துவ முகாம், காணாமல்போன மாடு என்று எதையும் சொல்வார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் விசாரித்துக்கொள்ளவில்லை.

மைக் கட்டிய ஆட்டோ வேறு ஆட்களிடமும் இருந்தது. எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு அவர்கள் அடுத்த லயத்துக்குப் போய்விடுவார்கள். இவரால் அது முடியாது. "அன்னாரின் பூதவுடல் இன்று பிற்பகல் நல்லடக்கம் செய்யப்படும்" என்று வானொலிக்காரர் மாதிரி முழங்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை அப்படியே இறக்கி, வாசலில் நின்று பேசுகிறவர்போல் இன்னொன்று சொல்வார். "பாலத்துக்கிட்ட வழி சறுக்குது, பாத்து வாங்க. மழ வரும்போல இருக்கு, கொடயும் எடுத்துக்கங்க." மின்வெட்டு என்றால் வெள்ளனே சோற்றை வடித்துவிடச் சொல்வார். மாடு காணாமல்போன அறிவித்தலைக்கூட, அது பயந்த மாடு, கண்டால் விரட்டாதீர்கள் என்றுதான் முடித்தார். எல்லாம் யாரும் எழுதிக் கொடுக்காத வார்த்தைகள். கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டு ஜனங்களை அப்படியே விட்டுவிட்டு வர அந்த மனிதருக்கு மனம் வராது. அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இந்த ஒரு விஷயம்தான் இருக்கிறது.

மைக் இல்லாதபோது அவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். சட்டைப்பையில் எப்போதும் கற்கண்டும் ஒரு துண்டு இஞ்சியும் இருக்கும். வெயில் கொளுத்தினாலும் காதை மூடிய கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டார். தொண்டைதான் சோறு போடுகிறது, அதற்குக் குளிர் பிடிக்கக் கூடாது என்பார். அப்படியென்றால் தொண்டையை அல்லவா மூட வேண்டும், காதை ஏன் மூடுகிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டார். தொப்பியைக் கழற்றவில்லை.

அவரை எங்கள் நாடகத்துக்குள் இழுத்தது நான்தான். அப்போது நான் அட்டனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். என்னோடு படித்த ரிபாஸ் தன் வாப்பாவின் துணிக்கடையில் நின்றான். இரண்டு பேருக்கும் கதைப் பைத்தியம். ஒலி நாடகம் ஒன்று செய்து வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு பகுதியாக அனுப்புவோம் என்று முடிவு செய்தோம். கதையை நான் எழுதினேன்.

நாடகம் இன்னும் பல வருஷம் கழித்து நடக்கிறது. மலை முழுக்க ஒரே முதலாளிக்குச் சொந்தம். அவரை யாரும் கண்டதில்லை, "மேலிடம்" என்றுதான் பெயர். ஒவ்வொரு லயத்திலும் ஒரு பேசும் பெட்டி உண்டு, அதை நிறுத்த முடியாது. ஆட்களுக்குப் பெயர் கிடையாது, கூடையில் உள்ள எண்தான். கொழுந்து பறிக்க முடியாமல் போகிறவர்களைப் பெட்டி ஒரு நாள் கூப்பிடும். அவர்கள் கீழே போவார்கள், திரும்ப மாட்டார்கள். தன் பெயரே மறந்துபோன காவற்காரக் கிழவர் ஒருவர், அந்தப் பெட்டியின் வயரை அறுக்கத் துடிக்கும் ஒரு பெண், பெட்டிக்குள்ளிருந்து பேசும் குரல். இந்த மூன்று பேரைச் சுற்றித்தான் கதை. கிழவர் ரிபாஸ். பெண் நான். குரலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கடைக்கு வெளியே மைக்கண்ணனின் ஆட்டோ போனது. மலையே பேசுவதுபோல் இருந்தது. ஓடிப்போய் நிறுத்திவிட்டேன்.

துணிக்கடை மாடியில் சரக்கு போட்டு வைக்கும் அறைதான் எங்கள் ஒலிப்பதிவு அறை. சுற்றிவரத் துணிக்கட்டுகள் அடுக்கியிருந்ததால் எதிரொலி வராது. மைக்கண்ணன் வந்து ஒரு போர்வைக்கட்டின்மேல் உட்கார்ந்தார். நான் கொடுத்த தாளை வாங்கி வாசித்துப் பார்த்தார். பிறகு கேள்விகளை ஆரம்பித்தார். இந்தக் குரல் எங்கே இருக்கிறார், கல்யாணம் ஆனவரா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார். அண்ணே, இது ஆள் இல்லை, மெஷின் என்றேன்.

"மெஷினுக்கும் யாராச்சும் பேசச் சொல்லிக் குடுத்திருப்பாங்கதானே, தங்கச்சி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எழுதியவளுக்கு இல்லாத அக்கறை இவருக்கு எதற்கு என்று நினைத்தேன்.

முதல் பதிவிலேயே வேலையைக் காட்டினார். "எழுபத்திரண்டாம் எண் நாளை காலை கீழே வர வேண்டும்" என்று மயிர்க்கூச்செறியும்படி சொன்னார். ரிபாஸ் எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அதற்குள் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "வெறும் வயித்தோட வராதீங்க. ரெண்டு ரொட்டியாவது சாப்பிட்டுட்டு வாங்க." ரிபாஸ் துணிக்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். நான் திரும்பவும் ஆரம்பிக்கச் சொன்னேன். திரும்பவும் ரொட்டி வந்தது. மூன்றாம் தரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் மூச்சு முட்டியவர்போல் முழி பிதுங்கியது. கடைசியில், "அப்புடியே வெட்டிட்டு வர முடியலம்மா, நீயே பெறகு அழிச்சிக்க" என்று சொல்லிவிட்டு ரொட்டியைச் சேர்த்துக்கொண்டார்.

அழிக்கத்தான் உட்கார்ந்தோம். ரிபாஸ் ஹெட்போனைப் போட்டுக் கேட்டவன், கழற்றி என் தலையில் மாட்டினான். "இதக் கேளு. எனக்கு இதுதான் பயமா இருக்கு" என்றான். கேட்டேன். சாகப் போகிறவனை, அன்பாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறது ஒரு குரல். சத்தம்போட்டு அதட்டியிருந்தால் எழுபத்திரண்டாம் எண் எதிர்த்து ஒரு கேள்வியாவது கேட்டிருப்பான். இந்தக் குரலுக்குத் தலையாட்டிவிட்டு ரொட்டி சுடத்தான் போவான். அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து குரலின் வசனத்தில் முதல் பாதியை நான் எழுதினேன். பின்பாதியை அவர் பார்த்துக்கொண்டார்.

நாடகம் பிடித்துக்கொண்டது. பொகவந்தலாவையிலிருந்தும் வட்டகொடையிலிருந்தும் ஆட்கள் குரல் செய்தி அனுப்பினார்கள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அக்கா ஒருவர், அந்தப் பெட்டிக்குள் இருக்கிறவர் உண்மையில் நல்லவர்தானே, கடைசியில் எல்லோரையும் காப்பாற்றிவிடுவார்தானே என்று அழாத குறையாகக் கேட்டார். மைக்கண்ணனுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லவர்தான்னு சொல்லு" என்றார். அண்ணே, அவர்தான் இத்தனை பேரைக் கொன்றிருக்கிறார் என்றேன். "அது மேலிடம் பண்றது. இவரு என்ன பண்ணுவாரு, பாவம்" என்றார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இந்தக் குணத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. கீழ் லயத்தில் ஒரு தாயின் மகன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு டிக்கோயா ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். தாயைக் கூட்டிவர மைக்கண்ணனைத்தான் அனுப்பினார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது காலில் சின்ன அடி என்றார். பாலம் தாண்டியதும் தலையிலும் கொஞ்சம் பட்டிருக்கிறதாம் என்றார். அடுத்த வளைவில், டாக்டர்மார் தங்களால் ஆனதைச் செய்கிறார்களாம் என்றார். நடுவில் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அந்தத் தாய்க்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய தம்பி பிறகு மைக்கண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டான். ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாமே, வழி நெடுக அவளை அணு அணுவாகக் கொன்றிருக்கிறாயே என்று கத்தினான். இவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. தனக்கு ஒரேயடியாக அடிக்கத் தெரியாது என்று மட்டும் சொன்னாராம். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாயைக் கேட்டால் மைக்கண்ணன் பக்கம்தான் பேசுவாள்.

நாடகம் பாதிக்குமேல் போனபோது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. குரல் முதல் தடவையாக ஒரு லயத்தையே மொத்தமாகக் கீழே கூப்பிடும் பகுதியை அனுப்பியிருந்தோம். "மேல் லயத்தில் உள்ளவர்கள் அனைவரும் இன்று மாலைக்குள் பெரட்டுக் களத்துக்கு வந்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு பை மட்டும். கதவைப் பூட்ட வேண்டாம்." இது என்னுடையது. இதற்குப் பிறகு வழக்கமான செருமல். "வயசானவங்கள மொதல்ல கூட்டிட்டு வாங்க. புள்ளைங்களுக்குச் சுடுதண்ணி போத்தல்ல எடுத்துக்கங்க." இது அவருடையது. எவனோ ஒருவன் முன்னால் இருந்த இசையையும் பின்னால் இருந்த பெயர்களையும் வெட்டிவிட்டு, இந்தத் துண்டை மட்டும் அனுப்பிவிட்டான். அது கை மாறி மாறிப் போனது. மேல் லயம் இல்லாத தோட்டம் எங்கள் மலையில் கிடையாது. கேட்டவர்கள் எல்லோருக்கும் அது தங்களைச் சொல்வதுபோல்தான் இருந்திருக்கும். மற்ற தோட்டங்களில் இது யாருடைய குரல் என்று விசாரித்துவிட்டு விட்டார்கள். எங்கள் தோட்டத்தில் விசாரிக்கத் தேவைப்படவில்லை.

நான் சரக்கு அறையில் வேலையாக இருந்துவிட்டு மாலை பஸ்ஸில் வந்தேன். வளைவில் இறங்கினால், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எங்கள் மேல் லயமே உட்கார்ந்திருக்கிறது. தூறலில் ஆளுக்கு ஒரு பையோடு, வயதானவர்கள் முன்வரிசையில். என் அம்மாவும் அதில் இருந்தாள். அவள் பையில் என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், முருகன் படம், காஸ் சிலிண்டரிலிருந்து கழற்றிய ரெகுலேட்டர். மகள் நாடகம் போடுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அந்த நாடகத்தை ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா என்று கத்தினேன். அதெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்றாள்.

ஏன், எதற்கு, யார் சொன்னது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையா என்றேன்.

"அவரு சொன்னாருடி. புள்ளைங்களுக்குச் சுடுதண்ணி எடுத்துக்கச் சொன்னாரு. கெடுதிக்குக் கூப்புடுறவன் சுடுதண்ணி எடுக்கச் சொல்லுவானா?"

மறுநாள் காலை மைக்கண்ணன் வந்தார். ஆட்டோவைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து ஏறிவந்தார். மைக்கில் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். வீடு வீடாக நின்று, அந்தக் கேட்காத குரலில், அது நாடகம், நிஜமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். ஜனங்களுக்குக் கோபமே இல்லை. சிலர் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்காவிடம் போனபோதுதான் சிக்கல். அவர் வளர்த்த கோழிகளை விட்டுவிட்டு வர மனமில்லாமல், பைக்குள் கொண்டுவரவும் வழியில்லாமல், முழுவதையும் அறுத்துக் குழம்பு வைத்துவிட்டார். வாசலெல்லாம் இறகு. மைக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வழுக்கை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார். செத்தது செத்துப்போச்சு, வீணாப்போகாமல் நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். காரம் அதிகமோ என்று அக்கா கேட்கும் அளவுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் துணிக்கடை மாடிக்கு ஒரு தரம்தான் வந்தார். உட்காரவில்லை. "அந்தக் குரல இனி நான் பேசல, தங்கச்சி. நான் ஆறுதலுக்குத்தான் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சனம் அதக் கேட்டுத்தான் எந்திரிச்சு வருது" என்றார். நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். வேறு ஆளைப் போட்டால் கேட்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் அந்தப் பெண் வயரை அறுத்துவிடுகிறாள் என்று எழுதி நாடகத்தை அவசரமாக முடித்தேன். குவைத் அக்காவுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. குரலுக்கு என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆட்டோ அறிவித்தல்களிலும் எழுதிக்கொடுத்ததை மட்டும் அவர் சொல்லிப் பார்த்தார். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பியவர், சற்றுத் தூரம் போய் நிறுத்தி, பின்னுக்கு எடுத்துவந்து, வழி சறுக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒரு வருஷம் போயிருக்கும். எங்கள் மேல் லயம் இருக்கும் சரிவை ஹோட்டல் கட்டக் கேட்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அங்கே நின்றால் நீர்த்தேக்கம் முழுக்கத் தெரியும். நாங்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற வழியிலிருந்து தெரிகிற காட்சிக்கு இவ்வளவு மதிப்பா என்று அம்மாவுக்கு ஆச்சரியம். அதன் பிறகுதான் ஒரு நாள் மத்தியானம் மைக்கண்ணன் நான் வேலை செய்த கடைக்கு வந்தார். தோட்ட நிர்வாகத்திலிருந்து அறிவிக்கச் சொல்லிக் கொடுத்த தாளை நீட்டினார். மாதா மாதம் அங்கிருந்து அவருக்கு நிரந்தரமாக வேலை வந்துகொண்டிருந்தது. ஆட்டோ தவணை அதில்தான் ஓடியது.

மேல் லயத்தைத் திருத்தப் போவதால் அங்குள்ளவர்கள் தற்காலிகமாகப் பழைய தொழிற்சாலைப் பக்கம் போட்டிருக்கும் தகரக் கொட்டகைகளுக்கு மாற வேண்டும், சாவிகளைக் காரியாலயத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து இல்லை. "திரும்பி வாற நாள் எங்கயாச்சும் போட்டிருக்கா பாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். போடவில்லை.

அண்ணே, இதை நீங்கள் சொல்லாதீர்கள் என்றேன். நீங்கள் சொன்னால் போய்விடுவார்கள், என் அம்மாவே முதல் ஆளாகப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், அந்த வீட்டை விட்டு இறங்கினால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை என்றேன். கடையில் ஆட்கள் நிற்பதையும் மறந்து கெஞ்சினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சொல்கிறேன் என்றோ சொல்லவில்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. மழை வரப்போகிறது, நேரத்தோடு வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அந்த மழை வார்த்தையைக் கேட்கவே பிடிக்கவில்லை.

தாளை வாசிப்பதாக இருந்த சனிக்கிழமை காலை நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். தாளைப் பற்றி நான் வந்து சொன்னதிலிருந்து லயத்தில் இரண்டு கட்சி. கையெழுத்து இல்லாத தாளுக்குப் போகக் கூடாது என்று சில இளைஞர்கள். கூரை ஒழுகுகிறது, திருத்தித்தானே தரப்போகிறார்கள் என்று பெரியவர்கள். என் அம்மா எந்தப் பக்கமும் இல்லை. அவர் வந்து என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு முடிவு பண்ணுவோம் என்றாள். பையை அவள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள்.

ஆட்டோ ஏறிவரும் சத்தம் கேட்டது. பின் இருக்கையில் காரியாலயத்து ஐயா ஒருவர், கையில் அதே தாளின் பிரதியோடு உட்கார்ந்திருந்தார். மைக்கண்ணன் லயத்துக்கு நடுவில் நிறுத்தினார். எழுதியிருந்ததை ஓர் எழுத்து பிசகாமல், அவ்வளவு தெளிவாக வாசித்தார். ஐயா தன் தாளில் விரலை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். "இவ்வண்ணம், தோட்ட நிர்வாகம்" என்று முடிந்தது. எல்லோரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் செருமவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினார். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவே இல்லை.

ராக்கம்மா அக்கா, தண்ணீர் கொட்டும் பீலிக் குழாயடியில் குடத்தோடு நின்றார். குடம் நிறைந்து வழிந்தது. அவர் அதைத் தூக்காமல் ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, மழயா இருக்கே. புள்ளைங்களுக்குச் சுடுதண்ணி எடுத்துக்கவா?"

மைக்கண்ணன் அவரைப் பார்த்தார். மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. உதடு அசைந்ததை நான் பார்த்தேன். பிறகு விரலால் மைக்கை நிறுத்தினார். அந்த 'டக்' சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. ஆட்டோ திரும்பி இறங்கிப் போனது. ஐயா பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவருக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது.

ராக்கம்மா அக்கா ஆட்டோ வளைவில் மறையும்வரை பார்த்தார். "நான் வரல" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அம்மா பையை அவிழ்த்து, என் சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்தாள், முருகனைச் சுவரில் மாட்டினாள். சாயங்காலம் வரை ஒருவரும் இறங்கவில்லை. திங்கட்கிழமை எல்லோருமாகக் காரியாலயத்துக்குப் போய், திரும்பி வரும் நாளைக் கையெழுத்தோடு எழுதித் தாருங்கள், போகிறோம் என்று கேட்டார்கள். அது இன்றுவரை கிடைக்கவில்லை. அம்மா இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கூரையும் இன்னும் ஒழுகுகிறது.

மைக்கண்ணனைக் காரியாலயத்தில் பிறகு கூப்பிடவில்லை. அவர்மேல் குற்றம் சொல்ல வழியில்லை, ஆனாலும் யாரோ அவர்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டங்களும் வேறு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டன. சாவு மட்டும் வைத்து ஆட்டோவை ஓட்ட முடியாமல் விற்றுவிட்டு, கொழும்பில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

போகுமுன் கடைக்கு வந்தார். முதலில் நான்தான் பேசினேன். கெஞ்சியவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உங்களை எவ்வளவு திட்டினேன் தெரியுமா என்று அழுதுவிட்டேன். தான் மாட்டேன் என்றிருந்தால் வேறொருவன் வந்து நன்றாகவே வாசித்திருப்பான், ஜனங்கள் போயிருப்பார்கள், அதனால்தான் தாளை வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். தொழில் போனதைப் பற்றி நான் வருத்தப்பட்டபோது கையை அசைத்து அதை ஒதுக்கினார். அவர் மனதில் வேறொன்று இருந்தது.

"ராக்கம்மா கேட்டுச்சு பாரு, சுடுதண்ணி எடுத்துக்கவான்னு. ஒரு மனுசி வந்து நின்னு கேக்குது. பதில் சொல்லாம வந்துட்டேன்."

அவங்களுக்கு விளங்கிவிட்டது அண்ணே, அதனால்தானே யாரும் போகவில்லை என்றேன்.

"விளங்கும்னுதான் சொல்லாம வந்தேன். இருந்தாலும்..." என்றவர், கற்கண்டை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டு, எடுக்காமலே நின்றார். கண் நிறைந்திருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். அவரே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.